எழுபத்து மூன்றாவது மாட்யூல்

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டியலம்மா என்று பெயர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அவளும் திரும்பிப் பார்ப்பாள். வேலை அப்படி. அவர்கள் விற்கும், செய்தி அனுப்பும் மென்பொருளில் நூற்று நாற்பது மாட்யூல்கள், ஒவ்வொன்றும் ஒரு வேலை செய்யும் தனித் துண்டு. வாங்குகிறவன் எல்லாவற்றையும் சுமக்க வேண்டியதில்லை, தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுத்துத் தனக்கென்று ஒரு தொகுப்பைக் கட்டிக்கொள்ளலாம். ஆனால் எதை எடுத்தால் எது படுத்துவிடும் என்று யாராவது எழுதி வைக்க வேண்டுமே! அந்த யாராவது இவள்தான்.

புரோகிராமர்களைக் கேட்டால் "அது சும்மா கெடக்கு, தூக்கிடலாம்" என்பார்கள். வாயால் சொல்வதற்கு என்ன செலவு? இவள் நம்பமாட்டாள். சோதனைக் கம்ப்யூட்டரைச் சுத்தமாகத் துடைத்து, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றி, ஒரே ஒரு மாட்யூலை மட்டும் விட்டுவிட்டு ஓட்டிப் பார்ப்பாள். பிறகு அடுத்தது, மறுபடியும் துடைப்பது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நாலு வருஷம் இதையே செய்தாள். வீட்டில் கணவர், "உப்பு டப்பாவை எடுத்தா குழம்பு என்ன ஆகும்னு கண்டுபிடிக்க உனக்குச் சம்பளமா?" என்று கிண்டல் செய்வார். செய்யட்டும். தன் பட்டியலில் ஒரு வரி தப்பில்லை என்பது அவளுக்குப் பெரிய கர்வம்.

அன்று காலை புதிய சோதனைக் கம்ப்யூட்டர் வந்தது. புதிய பதிப்புக்காகப் பட்டியலை மீண்டும் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். எழுபத்து மூன்றை விட்டுவிட்டு ஓட்டினாள். நெட்வொர்க்கைத் துண்டித்து, ஒரு செய்தி அனுப்பி, திரும்ப இணைத்தாள். செய்தி வரவில்லை. இன்னொரு தடவை பார்த்தாள், வரவில்லை. மூன்றாம் தடவையும் வரவில்லை. சிவப்பு எழுத்து, எச்சரிக்கை, ஒரு மண்ணும் இல்லை. அனுப்பிய பக்கத்தில் மட்டும் "அனுப்பியாச்சு" என்று பச்சையாக நின்றது.

சிக்னல் போய்விட்டால் செய்தியைப் பத்திரமாக வைத்திருந்து பிறகு சேர்ப்பதும், சேர்ந்ததா என்று பார்ப்பதும் எழுபத்து மூன்றின் வேலை. பட்டியலிலோ அவள் கையால் எழுதியிருந்தது: "விருப்பம். இல்லாமலும் இயங்கும்." பக்கத்தில் இருந்த தேதியைப் பார்த்தாள். மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்த நாள் அது. அவசரத்தில் பழைய கம்ப்யூட்டரைத் துடைக்காமலே ஓட்டியிருக்கிறாள். முந்தைய சோதனையில் ஏற்றிய எழுபத்து மூன்று உள்ளேயே இருந்து வேலை பார்த்திருக்கிறது. பாவி, எல்லோருக்கும் பாடம் எடுப்பவள் செய்த காரியத்தைப் பாருங்கள்!

அதை விலக்கி யாராவது தொகுப்புக் கட்டியிருக்கிறார்களா என்று தேடினாள். ஒரே ஒருவர். பக்கத்து ஊர் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறை. வண்டிகளில் இருப்பது பழைய டேப்லெட், இடம் போதவில்லை என்று சின்னத் தொகுப்பாகக் கட்டியிருந்தார்கள். இன்று காலை ஒன்பது மணிக்கு ஓடத் தொடங்கியிருந்தது. இப்போது பத்து இருபது.

தலைமை அதிகாரியிடம் ஓடினாள். அவர் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"பதறாதீங்க மேடம். முதல்ல உறுதி பண்ணுவோம். அப்புறம் பக்குவமா ஒரு மெயில் போடலாம். இப்பவே போன்ல சொன்னா நம்ம தப்புன்னு ஆயிடும்."

"நம்ம தப்புதான் சார். என் தப்பு."

அவர் வாயைத் திறப்பதற்குள் போனை எடுத்துவிட்டாள். கட்டுப்பாட்டு அறையில் அந்தத் தொகுப்பைக் கட்டிய டெக்னீஷியன் எடுத்தான். குரலில் ஒரே சந்தோஷம்.

"அக்கா! சூப்பரா ஓடுது. ஒரு எரர் கூட இல்ல!"

"எரர் வராது தம்பி, அதான் பயமே. ஒவ்வொரு வண்டிக்கும் போன் போட்டு, கடைசியா என்ன வந்துச்சுன்னு கேளு. இப்பவே."

"எல்லாத்துக்கும் அனுப்பியாச்சுன்னுதானே இருக்கு?"

"ஸ்கிரீனைப் பார்க்காதே. டிரைவர்கிட்ட கேளு!"

அவள் லைனிலேயே இருந்தாள். முதல் வண்டி சரி. இரண்டாவது சரி. மூன்றாவதும் சரி. நான்காவது வண்டி ஆஸ்பத்திரியின் தரைக்கடியில், வண்டி நிறுத்துமிடத்தில் நின்றிருந்தது. அங்கே சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். டிரைவர் சொன்னது அவளுக்கும் கேட்டது. "எங்களுக்கு எதுவும் வரலியேப்பா, சும்மாதான் உக்காந்திருக்கோம்."

பத்து ஒன்பதுக்கு அந்த வண்டிக்கு ஓர் அழைப்பு அனுப்பப்பட்டிருந்தது. ஒரு பெண்மணிக்கு நெஞ்சுவலி. அப்போது மணி பத்து இருபத்தெட்டு. டெக்னீஷியன் விலாசத்தை டிரைவரிடம் கத்திச் சொன்னான். லைன் அறுந்தது.

மதியம் இரண்டு மணிக்கு அவனே கூப்பிட்டான். காலையில் இருந்த குரல் இல்லை.

"உயிர் இருக்கு அக்கா. ஐ.சி.யூ.ல வச்சிருக்காங்க. இன்னும் கண்ணு தெறக்கல. பழைய தொகுப்பையே திரும்பப் போட்டுட்டோம்."

பிறகு அவனே தொடர்ந்தான். "அவங்க வீட்டுக்காரர் மூணு தடவை போன் பண்ணாரு அக்கா. மூணு தடவையும் நான்தான் எடுத்தேன். வண்டி வந்துக்கிட்டே இருக்குங்கன்னு சொன்னேன். ஸ்கிரீன்ல அனுப்பியாச்சுன்னுதானே இருந்துச்சு?"

"நீ என்னப்பா பண்ணுவ? நான் எழுதினதை நம்பின," என்றாள். அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது.

தலைமை அதிகாரி அவள் மேசைக்கு வந்தார். அந்த வரியை அவரே "கட்டாயம்" என்று மாற்றியிருந்தார். எப்போது, ஏன் மாற்றினார் என்று பட்டியலில் ஒரு வார்த்தை இல்லை. மனிதர் கெட்டவர் இல்லை, பூசி மெழுகியே பழகிவிட்டவர். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"போனது போகட்டும் மேடம். மத்த நூத்தி முப்பத்தொன்பதும் சரிதானே? நீங்க சொன்னா போதும், மேல அப்படியே சொல்லிடறேன்."

சரி என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நாலு வருஷம், ஒவ்வொரு வரியும் அவள் கைப்பட்டது. எந்தெந்த நாள் எதைத் துடைத்தாள், எதைத் துடைக்கவில்லை?

"தெரியாது சார்," என்றாள்.

பட்டியலின் முதல் பக்கத்தைத் திறந்து, எல்லோரும் பார்க்கும்படி மேலே எழுதத் தொடங்கினாள்: "இந்தப் பட்டியலை இப்போதைக்கு நம்ப வேண்டாம்."