வண்டி வராத பாதை

"இந்தப் பக்கம் ஒரு வண்டிகூட வராதுங்க." அன்று காலையில் இதை அவர் நாலு தடவையாவது சொல்லியிருப்பார். மேட்டுப்பாளையம் தாண்டி, பவானிக் கரையோரம், பாக்குத் தோப்புகளுக்கு நடுவே ஏறி இறங்கும் சரளைக்கல் பாதை அது. எங்கள் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கூட்டத்தில் முன்னால் போகிறவர் அவர்தான். ஒல்லி உடம்பு, நரைத்த மீசை, முறுக்கிய கயிறு போன்ற கெண்டைக்கால். எங்கே நின்றாலும், தான் தண்ணீர் குடிப்பதற்கு முன் சைக்கிள் செயினைத் துணியால் துடைத்துவிடுவார்.

ஓர் இறக்கத்தில் சரளை வழுக்கி நான் விழுந்தேன். தோளில் எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவர் ஓடி வந்து என் சைக்கிளைத் தூக்கினார். சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்து, செயினைத் துடைத்து, நிழலில் சாய்த்து வைத்தார்.

"சைக்கிளுக்கு ஒண்ணும் ஆகலீங்க" என்றார், மலர்ந்த முகத்தோடு.

"கையத் தூக்க முடியலீங்க. போன்லயும் சிக்னல் இல்லீங்க."

"வெயில் ஏறறதுக்குள்ள நாங்க மலையடிக்குப் போயிச் சேரோணுமுங்க. நீங்க இங்கயே உக்காந்திருங்க, ஏதாச்சும் வண்டி வருமுங்க."

மற்ற ஐந்து பேரும் ஹெல்மெட் வாரை இறுக்குவதில் மும்முரமாக இருந்தார்கள். கிளம்பும்போது என் தண்ணீர் பாட்டிலை அவர் எடுத்துக்கொண்டார். "உங்களுக்குத்தான் ஆறு பக்கத்துலயே இருக்குதுங்களே" என்றார், உண்மையான அக்கறையோடு.

மதியம்வரை காத்திருந்துவிட்டு, கையைத் தாங்கிப் பிடித்தபடி மூன்று மைல் நடந்தேன். அவரைப் பொய்யர் என்று சொல்ல இன்றும் எனக்கு வாய் வருவதில்லை. காலையில் நாலு தடவை சொன்னாரே, ஒரு வண்டிகூட வரவில்லை.