கிண்ணத்துக்கு அடியில் ஒரு காளான்

பாயாசம் பரிமாறுவதற்கென்று ஆசையாக வாங்கிய கண்ணாடிக் கிண்ணம் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. அதில் ஒரு நாளும் யாரும் பாயாசம் குடித்ததில்லை. வாங்கிய வாரமே என் அண்ணன் அதை எடுத்துக் காளானுக்கு மூடியாக்கிவிட்டார். கூடத்து மேசையில் பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாகத் தாள் ஒட்டிய ஓர் அட்டை. அதன் மேல், காம்பை நறுக்கிவிட்டு அடிப்பக்கம் அட்டையில் படும்படி வைத்த காளான் குடை. அதை மூடிக்கொண்டு என் கிண்ணம். மழைக்காலம் வந்தால் சிங்கப்பூருக்கு அக்கரையில் இருக்கும் எங்கள் ஸ்கூடாய் வீட்டில், கிறிஸ்துமஸ் குடிலுக்கு முன்பே வந்து உட்காரும் அலங்காரம் இதுதான். வருகிறவர்கள் எல்லாம் இது என்ன பலகாரம் என்று குனிந்து பார்ப்பார்கள். எனக்கு மானம் போகும்.

அண்ணன் இங்கே பல்கலைக்கழகத்தில் காளான், பூஞ்சை பற்றிப் பாடம் நடத்தியவர். காளானுக்குப் பூ இல்லை, விதை இல்லை. குடைக்கு அடியில் மடிப்பு மடிப்பாக இருக்கும் செவுள்களிலிருந்து கண்ணுக்குத் தெரியாத வித்துகள் உதிரும். இரவெல்லாம் உதிர்ந்தால் தூளாகப் படிந்து, அதன் நிறம் தெரியும். வெள்ளைத் தூள் வெள்ளைத் தாளில் தெரியாது, கரிய தூள் கறுப்பில் தெரியாது. எது விழும் என்று தெரியாததால் இரண்டையும் வைக்க வேண்டும். அந்த நிறத்தைப் பார்க்காமல் அண்ணன் எந்தக் காளானுக்கும் பெயர் சொல்ல மாட்டார். காலையில் கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கூடத்திலிருந்து "பச்சைதான்!" என்று குரல் கொடுப்பார். நான் சமையலறையிலிருந்து, "அப்பாடா, ஒலகம் தப்பிச்சிருச்சு!" என்பேன். வருஷா வருஷம் அதே புல்தரை, அதே காளான், அதே பச்சை. "போன வருஷம் பாத்ததுதானே அண்ணே, மறுபடியும் எதுக்கு?" என்று கேட்டால், "போன வருஷத்துது போன வருஷத்துக்கு. பாப்போம்" என்பார். இப்படி ஒரு மனிதரோடு குடித்தனம் பண்ணுவதற்குப் பொறுமை வேண்டும். எனக்கு அது கிடையாது, ஆனாலும் பண்ணினேன். அவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, நானும் செய்துகொள்ளவில்லை.

இந்தக் கிண்ண வழக்கம் எங்கள் அம்மாவால் வந்தது. நாங்கள் பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். அங்கே மழை விட்ட காலையில் கறையான் புற்றோரம் புற்றுக்காளான் முளைக்கும். அம்மா வேர் போல நீண்டிருக்கும் அடிக்காம்போடு பதமாகப் பிடுங்கி வந்து, மிளகாய் அரைத்துப் போட்டுச் சம்பால் வைப்பார். அண்ணனுக்கு வேலை கிடைத்து ஸ்கூடாய்க்கு வந்த முதல் மழைக்காலத்தில், வீட்டு முன்னால் இருந்த புல்லிலும் அதே போல வெள்ளைக் குடைகள் விரிந்திருந்தன. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "நான் தோட்டத்துக்காரி, எனக்குத் தெரியாதா?" என்று பறித்துச் சமைத்தார். அண்ணன் வேலை முடிந்து வரும்போது அம்மாவும் நானும் கால்வாய் ஓரம் உட்கார்ந்து, குடலே வெளியே வந்துவிடும் போல வாந்தி எடுத்துக்கொண்டிருந்தோம். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் படுத்திருந்தபோதுகூட அம்மாவுக்கு வலியைவிட வருத்தம்தான் அதிகம். "தோட்டத்துல ஒரு நாளும் என்னை ஏமாத்துனதில்லையே" என்று புலம்பினார். மறுநாள் அண்ணன் மிச்சமிருந்த குடையை அட்டையில் வைத்துப் பார்த்தார். புற்றுக்காளான் என்றால் வெளிறிய ரோஜா நிறம் விழும். இது பாசிப் பச்சையில் விழுந்திருந்தது.

வீட்டில் அண்ணன் அதிகம் பேசமாட்டார். பேசினால் காளான். சோறு போட்டுக் கொடுத்தால் தட்டைப் பார்த்துக்கொண்டே ஆரம்பிப்பார். புல்லுக்கு மேலே நாம் பார்க்கும் குடை வெறும் காய் மாதிரிதானாம். உண்மையான காளான் மண்ணுக்குள்ளே நூல் நூலாக ஓடும் இழைகளாம். இழையின் சுவர் இறால் ஓட்டில் இருக்கிற அதே பொருளாம். செடிக்குச் சொந்தமே இல்லை, மிருகங்களுக்குத்தான் தூரத்து உறவு என்பார். "அப்ப தவக்காலத்து வெள்ளிக்கெழமையில, கறி ஆகாத நாள்ல, காளான் சாப்பிடலாமா கூடாதா? ஃபாதரைக் கேட்டு வை" என்பேன். அவர் நிஜமாகவே யோசிக்க ஆரம்பித்துவிடுவார். வித்துகளை எதில் வைத்திருக்கிறது என்பதைக் கொண்டுதான் குடும்பம் பிரிப்பார்களாம். அப்பத்து மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்டு, வித்துகளைப் பைக்குள் வைக்கும் கூட்டம். குடைக்காளான், குட்டித் தடியின் நுனியில் நான்கு நான்காக வைக்கும் கூட்டம். "சொந்தக்காரங்க நம்மகிட்டச் சாதி கேட்டது பத்தாதுன்னு நீ காளான்கிட்டயும் கேக்குறியா?" என்றால் சிரிப்பார். அவர் சிரித்துப் பார்ப்பது அபூர்வம். அதற்காகவே நானும் வாயைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் இன்னொன்று சொன்னார். மண்ணுக்குள்ளே இரண்டு இழைகள் சந்தித்து ஒன்றாகிவிடும். ஆனால் இரண்டின் உட்கருக்களும் உடனே சேராது. ஒரே அறைக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், வருஷக்கணக்காக. குடை விரிந்து செவுள் வந்த பிறகுதான், கடைசியில், அவை சேரும். சேர்ந்த கையோடு வித்துகளாகப் பிரிந்து பறந்துவிடும். "அப்பாவும் அம்மாவும் மாதிரின்னு சொல்லு" என்றேன். எங்கள் அப்பா, அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசியதே தன்னுடைய கடைசி மாதத்தில்தான். அண்ணன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நீயும் நானும்கூடத்தான்" என்றார். நான் ரசத்தை ஊற்றிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

எங்கள் வரிசையில் எல்லா வீட்டுக்காரர்களும் முன்பக்கப் புல்லைச் சிமெண்டு போட்டு மூடிக் கார் நிறுத்தும் இடமாக்கிவிட்டார்கள். அண்ணன் மட்டும் விடவில்லை. விஷக்காளானுக்கு இடம் விட்ட ஒரே வீடு எங்களுடையதுதான். காளான்கள் வட்டமாக முளைக்கும். இழைகள் வெளிப்பக்கமாகவே தின்றுகொண்டு போவதால் வட்டம் வருஷா வருஷம் பெரிதாகும். ஓரத்தில்தான் உயிர், நடுவில் இருப்பது செத்துவிடும் என்பார். முதலில் தட்டு அளவு இருந்தது, அவர் ஓய்வு பெற்றபோது கார்ச் சக்கரத்தைத் தாண்டிவிட்டது. போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் குடையை அட்டையில் வைத்து, கிண்ணத்தை மூடிவிட்டு, மார்பை அடைக்கிறது என்றார். ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. ஜெபம், பூசை, அடக்கம் எல்லாம் முடிந்து ஆட்கள் போன பிறகுதான், யாரோ பின்கட்டுக்கு நகர்த்தி வைத்திருந்த மேசையைப் பார்த்தேன். கிண்ணம் அப்படியே இருந்தது. உள்ளே குடை அழுகித் தண்ணீராக வழிந்து, தாளெல்லாம் ஊறிப் போயிருந்தது. என்ன நிறம் விழுந்தது என்றே தெரியவில்லை. அடக்கத்தில் வராத அழுகை எனக்கு அந்த மேசையடியில்தான் வந்தது.

அவர் இருந்தபோதும் இது ஒன்றும் கலகலப்பான வீடு இல்லை. ஆனால் ஒருவர் பேசாமல் இருப்பதும், பேச ஆளே இல்லாமல் இருப்பதும் வேறு வேறு என்று இப்போது தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நாலு பேரிடம் பேசினால், அடுத்த ஞாயிறு வரை தொண்டை சும்மா கிடக்கிறது. தொலைக்காட்சியை யாராவது பேசட்டும் என்று ஓடவிடுகிறேன். ஈரப் புல்லில் ஒரு நாள் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். அதைச் சிங்கப்பூரில் இருக்கும் தங்கையிடம் வாய்தவறிச் சொன்னதுதான் தாமதம், "அக்கா, சிமெண்டு போட்டுரு. நீ விழுந்து கெடந்தா யாருக்குத் தெரியும்?" என்று தினமும் போன். அவள் சொன்னதில் தப்பில்லை. இந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு அண்ணனுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்த கையோடு கொண்ட்ராக்டரைக் கூப்பிட்டேன்.

சின்ன வயதுக்காரர்தான், சிரித்த முகம். அளந்து பார்க்க வந்தவருக்குக் கோப்பி கலக்கி எடுத்துக்கொண்டு வருவதற்குள், காலையில் விரிந்த குடைகளை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் பறித்துப் போட்டிருந்தார்.

"ஆண்ட்டி, புத்துக்காளான் லா! எடுத்துக்கிறேன் என்ன? சம்பால் போட்டா சட்டியே காலி."

"அது புத்துக்காளான் இல்ல தம்பி."

"நான் லாபிஸ் தோட்டத்துல வளந்தவன் ஆண்ட்டி. எனக்குத் தெரியாதா? எங்க சின்னதுக்குக் காளான்னா உசுரு."

அம்மா சொன்ன அதே வார்த்தை. கோப்பியை மதில் மேல் வைத்துவிட்டு, அவர் கையிலிருந்து பையைப் பிடுங்கினேன். அவருக்கு முகம் சுருங்கிப் போயிற்று. "நாலு காளானுக்கா ஆண்ட்டி இப்படி?" என்றார். உட்காரச் சொல்லி அம்மா கதையைச் சொன்னேன். அண்ணன் கதையைச் சொன்னேன். இந்தக் காளானுக்கு அடியில் வேர் போல நீளக் காம்பு கிடையாது பார் என்று காட்டினேன். அட்டையை எடுத்து வந்து புதுத் தாள் ஒட்டி, அவர் கண்ணெதிரிலேயே ஒரு குடையை வைத்துக் கிண்ணத்தை மூடினேன். இத்தனை மாதத்தில் நான் இவ்வளவு பேசியதே இல்லை. கோப்பி ஆறிப் போய்விட்டது.

"பச்சைன்னு உங்களுக்குத்தான் தெரியுமே, அப்புறம் எதுக்கு வைக்கிறீங்க?" என்று கேட்டார்.

"பாப்போம்" என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது.

"அப்ப சிமெண்டு?"

"அதையும் காலையில சொல்றேன்."

காலையில் நான் பல்கூட விளக்கவில்லை, போன் வந்துவிட்டது. "ஆண்ட்டி, என்ன கலரு?" ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கிண்ணத்தையும் குடையையும் தூக்கினேன். வெள்ளைத் தாளிலும் கறுப்புத் தாளிலும், செவுள் செவுளாகச் சக்கரம் வரைந்தது போல, பாசிப் பச்சை. சொன்னேன். "அலமாக்! நல்ல வேளை ஆண்ட்டி" என்றார். பின்னால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்பும் சத்தம் கேட்டது. போனைக் காதில் இன்னும் அழுத்திக்கொண்டேன். பிறகு, "கேட்டுலேருந்து வாசல் வரைக்கும் கால் வைக்க ஒரு பாதை மட்டும் போட்டுக் குடு தம்பி. வட்டத்தத் தொடாத. புல்லு இருக்கட்டும்" என்றேன். தங்கை திட்டுவாள். திட்டட்டும்.

போனை வைத்த பிறகும் ஏதோ பாக்கி இருப்பது போலவே இருந்தது. போனில் சொன்னதெல்லாம் சொன்ன கணக்கில் வராது. கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, அண்ணன் நிற்கும் இடத்தில் நின்று, சமையலறைப் பக்கம் பார்த்து, "பச்சைதான்!" என்று குரல் கொடுத்தேன். மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. பதில் சொல்ல வேண்டியவள் அங்கே இல்லை, இங்கே நிற்கிறாள். கிண்ணத்தை மேசையில் வைத்தேன். சமையலறைக்குப் போய், அடுப்பைப் பார்த்து நின்றுகொண்டு, கூடத்துக்குக் கேட்கும்படியாகச் சொன்னேன்:

"அப்பாடா, ஒலகம் தப்பிச்சிருச்சு."