எல்ம் மரத்துக்கு நாவூறு

டோர்ட்மண்டில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற பழைய எல்ம் மரம் பூஞ்சை நோயில் பட்டுப்போய், நகரசபை அதை வெட்டிக்கொண்டு போனபோது நான் பல்கனியில் நின்று மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். அடுத்த மாரியில் அதே இடத்தில் ஒரு புது மரம் நட்டார்கள். "இதுவும் எல்ம்தான், ஆனால் கலப்பினம்" என்றார் நகரசபையின் மரப்பிரிவு அதிகாரி. "தாய் யப்பான், தகப்பன் சைபீரியா, பிறந்தது அமெரிக்கா. அந்த நோய் இதை ஒன்றும் செய்யாது." அட, எங்கள் குடும்பத்துப் பிள்ளைகளைப் போல அல்லவா! தண்ணீர் ஊற்றுகிற பொறுப்பு என்னுடையது என்று அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு மரப் பைத்தியம். வேலையால் வந்ததும் சப்பாத்தைக் கழற்ற முதலே வாளியைத் தூக்குவேன். கொலோனில் இருக்கும் அக்கா தொலைபேசியில் "பிள்ளை எப்படி?" என்று என் மகனைத்தான் கேட்பா. நான் துளிர் விட்டிருக்கிறது என்பேன். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் வாசலிலேயே நின்று "என்ன வடிவான மரம்!" என்று வாயைப் பிளப்பார்கள். நான் பூரித்துப்போவேன், என் கணவர் முகம் சுளிப்பார்.

"இஞ்சரும், எல்லாரும் இப்பிடிப் பாத்தா கண்பட்டுப் போம்."

"நோயே அண்டாத மரத்துக்குக் கண்படுமாம்! போங்கோப்பா."

மனிதர் நாவூறு கழிக்கிற விஷயத்தில் சரியான ஆள். மகன் சோதனையில் பாஸ் பண்ணிய நாள் அவனுக்குச் சுற்றிய செத்தல் மிளகாயைக் குசினியில் எரித்தார். புகை கண்டால் அலறும் கருவி அலற, கீழே தீயணைப்பு வண்டி வந்து நின்றது. அன்றோடு வீட்டுக்குள் மிளகாய் எரிக்க நான் தடை போட்டிருந்தேன்.

இரண்டாவது கோடையில் என் மரத்தின் இலைகள் ஓரமெல்லாம் கருகத் தொடங்கின. அந்த நோய் என்றால் வெட்டியே ஆகவேண்டும். அழாக்குறையாக நகரசபைக்குத் தொலைபேசி அடித்து, ஆள் வந்து பார்க்க ஒரு டெர்மின் எடுத்தேன்.

அதே அதிகாரி வந்தார். ஒரு சிறு கொப்பைக் குறுக்கே வெட்டினார். உள்ளே பழுப்புப் புள்ளிகள் வளையமாகத் தெரிந்தால் நோய் என்றார். நல்லூரானே, முருகா என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"சுத்தமாக இருக்கிறது" என்றார்.

எட்டிக் கட்டிப்பிடிக்கப் போய், சட்டென்று நினைவு வந்து கையை மட்டும் குலுக்கினேன். அவரோ இன்னும் யோசனையாகவே இருந்தார். இலை ஓரம் இப்படிக் கருகினால் உப்பாக இருக்கலாம், ஆனால் இந்தத் தெருவில் பனிக்கு நாங்கள் உப்புப் போடுவதில்லையே என்று முழந்தாளிட்டு மண்ணைக் கிளறினார். கல்லுப்பு வந்தது. பிறகு ஒரு செத்தல் மிளகாய். பிறகு இன்னொன்று. அதை வெளிச்சத்தில் பிடித்து, "இது என்ன?" என்று என்னைக் கேட்டார்.

நான் திரும்பிப் பார்த்தேன். படியில் நின்ற என் கணவர் தன் செருப்பை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"என்னப்பா இது?"

"வீட்டுக்குள்ள எரிக்க ஏலாது எண்டு நீர்தானே சொன்னனீர். அதுதான் உப்பும் மிளகாயும் எடுத்து மரத்தைச் சுத்திப்போட்டு அதிலேயே கொட்டினனான்."

"இவ்வளவு உப்போ?"

"எல்லாரும் நல்லாப் பாத்தவை. நானும் நல்லாப் போட்டனான்."

ஆத்திரமும் சிரிப்பும் ஒன்றாக வந்து எனக்குப் புரைக்கேறியது. அதிகாரிக்கு ஜேர்மன் மொழியில் நாவூறு விளங்கப்படுத்தினேன். அவர் சிரித்த சிரிப்பில் நடைபாதையிலேயே குந்திவிட்டார். "பூஞ்சையைத் தாங்கும், உப்பைத் தாங்காது" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வசந்தத்தில் துளிர்க்காவிட்டால் எடுத்துவிடுவோம்."

அந்தக் கோடை முழுக்க நானும் என் கணவரும் வாளி வாளியாகச் சுமந்தோம். நான் திட்டிக்கொண்டு சுமந்தேன், அவர் திட்டு வாங்கிக்கொண்டு சுமந்தார். மாரி முழுக்க அந்த மொட்டைக் கொப்புகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு நித்திரையே சரியில்லை. வசந்தம் வந்தது. ஒரு காலை அவர் யன்னலில் நின்று "ஓடி வாரும்!" என்று கத்திய கத்தலில் நான் தேநீரைக் கொட்டிக்கொண்டு ஓடினேன். உச்சிவரை பச்சை! இரண்டு பேரும் இரவுடுப்போடு தெருவில் நின்று குதித்தோம்.

சில வாரம் கழித்து அதிகாரி பார்க்க வந்தார். மரத்தைச் சுற்றி நடந்தார், அண்ணாந்து பார்த்தார். "இந்த நகரத்தில் இவ்வளவு அழகான எல்மை நான் கண்டதே இல்லை!"

அவர் கார் மூலையில் திரும்பும்வரை நாங்கள் சிரித்த முகமாகக் கை காட்டினோம்.

"இஞ்சருங்கோப்பா, மிளகாயை எடுத்துக்கொண்டு வாங்கோ" என்றேன் நான். "உப்பு வேண்டாம்."

நானேதான் மரத்தைச் சுற்றினேன். பல்கனியில் கிறில் அடுப்பு மூட்டி மிளகாயைப் போட்டோம். எரியும்போது இருமல் வந்தால் கண்ணூறு இல்லை, வராவிட்டால் இருக்கிறது என்பது கணக்கு. மிளகாய் படபடவென்று வெடித்துக் கருகியது. ஒருவருக்கும் ஒரு செருமல்கூட வரவில்லை.

"பாத்தீரே, உந்த மனுசன்ர கண்ணை!" என்றார் அவர்.

நான் உள்ளே போய் இன்னும் ஒரு பிடி மிளகாய் எடுத்துக்கொண்டு வந்தேன்.