முசேவுக்கு வந்த மூன்று மாலைகள்

என் ஜெராக்ஸ் கடையில் காலை பத்து மணிக்கு நிற்க இடம் இருக்காது. பதினொன்றரைக்கு மேல் ஈ ஓட்டுவேன். அந்த ஈ ஓட்டும் நேரத்தில்தான் வலைப்பூ எழுதுகிறேன். நெரவியிலிருந்து பஸ்ஸில் வரும்போது மண்டையில் தோன்றும் கிறுக்குத்தனம், எங்கேயாவது படித்த அதிசயத் தகவல், இரண்டும் கலந்த சங்கதிதான் என் சரக்கு. தவறாமல் படிப்பவர்கள் இருபது பேர் இருப்பார்கள். அதில் மூன்று பேர் என் தங்கைதான், மூன்று வேறு பெயர்களில்.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டுவிட்டுப் போன எங்கள் ஊரில் எழுத விஷயத்துக்குப் பஞ்சமே கிடையாது. சொந்த மாநிலத் தலைநகருக்குப் போக வேண்டுமானால் இன்னொரு மாநிலத்துக்குள் புகுந்து வெளியே வர வேண்டும். வழியில் தூங்கிப்போனால் எந்த மாநிலத்தில் இருக்கிறோம் என்று போலீஸ்காரர் தொப்பியைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சிவப்பு என்றால் நம் ஊர். இதை எழுதினேன். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்று படித்துவிட்டு, பட்டினச்சேரியிலிருந்து கூடையோடு வரும் மீன்காரம்மாவிடம் சொன்னேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "மூணு இருந்து என்னா பண்ண? கூறு வெச்சா ஒரே வெலதான்" என்றார். அதையும் அப்படியே எழுதினேன். அதுவரை என் வலைப்பூவில் அதிகம் பேர் படித்தது அதுதான். பிறகு முசேவைப் பற்றி எழுதினேன்.

கடையிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருப்பவர் முசே. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அப்படிப்பட்டவர்களை இங்கே சொல்தா என்பார்கள். இவரை மட்டும் தெருவே மரியாதையாக, பிரெஞ்சில் 'ஐயா' என்பது போல, முசே என்று கூப்பிடும். மனைவி இல்லை. ஒரே மகன் பிரான்சில் இருக்கிறான். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவன் கல்யாணத்தை அங்கே குளிர்காலத்தில் வைத்தான். "பனி கொட்டுற மாசத்துல அப்பன கல்யாணத்துக்குக் கூப்புடுறியா, பொதைக்கக் கூப்புடுறியா?" என்று போனில் கேட்டுவிட்டு இவர் போகவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. யார் முதலில் கூப்பிடுவது என்பதில் அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருந்தான்.

முசேவுக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி உண்டு. நான்தான் போட்டுக் கொடுத்தேன். தினமும் பன்னிரண்டு மணிக்குக் கடைக்கு வருவார்.

"மெயில் எதாச்சும் வந்துருக்கா பாரும்மா."

"செருப்பு விக்கிறவன் அனுப்பிருக்கான் முசே."

"வேற?"

"வேற இல்லங்க."

"நான் ஒண்ணும் எதிர்பாக்கல" என்பார். அடுத்த நாளும் சரியாகப் பன்னிரண்டுக்கு வந்து நிற்பார். எதிர்பார்க்காதவர் இவ்வளவு நேரம் தவறாமல் வந்து நான் பார்த்ததில்லை.

வருஷத்துக்கு ஒரு முறை பிரான்சிலிருந்து அவருக்குப் பென்ஷன் சம்பந்தமாக ஒரு காகிதம் வரும். இவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று இங்கே ஓர் அதிகாரியின் முன்னால் நேரில் போய் நின்று, கையெழுத்தும் முத்திரையும் வாங்கித் திருப்பி அனுப்ப வேண்டும். அதை ஸ்கேன் செய்வது என் வேலை. உயிரோடு இருப்பதற்கு வருஷா வருஷம் ஆதாரம் காட்டும் மனிதர்கள் உள்ள ஊர் என்பது என் வலைப்பூவுக்கு அல்வா மாதிரி. "எழுதட்டுமா முசே?" என்று கேட்டேன். அவருக்கு ஏகப்பட்ட குஷி. கோட்டு மாட்டி, மெடல் குத்தி, படம் எடுக்க வந்து உட்கார்ந்துவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை: கலரில் போடக்கூடாது. கலரில் எடுத்தால் மீசைக்கு அடித்த சாயம் கத்தரிக்காய் நிறத்தில் தெரிகிறதாம்.

சரியென்று கருப்பு வெள்ளையாக்கினேன். மொட்டையாக இருந்தது. அழகுக்குச் சுற்றிலும் பூ ஓரம் வைத்தேன். கடையிலிருந்து எந்தப் படம் வெளியே போனாலும் அடியில் கடை போன் நம்பரைப் போடுவது என் வழக்கம்; அதையும் போட்டேன். ஊரில் உள்ள அதிசயத்தை எல்லாம் தேடித் தேடி எழுதுகிற எனக்கு, வயதானவர் படத்தைக் கருப்பு வெள்ளையாக்கிப் பூ ஓரம் வைத்தால் ஊரில் என்ன அர்த்தம் என்பது உறைக்கவில்லை. இறந்தவர் படங்களை அப்படிச் செய்து எத்தனை பேருக்கு நானே லேமினேஷன் போட்டுக் கொடுத்திருக்கிறேன்! புத்தி மேயப் போயிருந்தது.

சாயங்காலம் பதிவைப் போட்டுவிட்டு பஸ் ஏறினேன். யாரோ படத்தை மட்டும் எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டிருக்கிறார்கள். நான் இரண்டு பக்கத்துக்கு எழுதிய நகைச்சுவை எவன் கண்ணிலும் படவில்லை.

மறுநாள் நான் கடை திறந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்காது. முசே வந்தார். கையில் மூன்று ரோஜா மாலைகள்.

"கோட்டுச்சேரிலேர்ந்து ரெண்டு பேரு, நாகூர்லேர்ந்து என் கூட்டாளி ஒருத்தன். கதவ நான்தான் தொறந்தேன். கூட்டாளிப் பய என்னப் பாத்துட்டு, 'முசே எங்க?'ன்னு என்கிட்டயே கேக்குறான்."

"ஐயோ முசே, மன்னிச்சிடுங்க. இப்பவே எடுத்துடுறேன்."

"ஒக்காரு. எதுக்கு எடுக்குற?" என்றார். மாலைகளை லேமினேஷன் மெஷின் மேல் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது. "பிரான்சுல லியோன்லேர்ந்து கூப்புட்டுட்டாங்க. ரெயூனியன் தீவுலேர்ந்து என் மச்சான் கூப்புட்டு அழுவுறான். ஒலகமே பாத்துடிச்சி. அவன் இன்னும் பாக்கல போலருக்கு. ரெண்டு நாளு இருக்கட்டும்."

முசே என்மேல் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மகன் அழுவானா என்று பார்க்கச் செத்த மாதிரியே இருக்கச் சம்மதிக்கிறார் என்பதைத் தாங்க முடியவில்லை. கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"அதெல்லாம் முடியாதுங்க. பெத்த புள்ளைய பொய்யா அழ வெச்சிப் பாக்கலாமா? நீங்களே கூப்புட்டு உசுரோட இருக்கேன்னு சொல்லுங்க."

"நான் கூப்புட மாட்டேன்."

"அப்ப நான் படத்த எடுப்பேன்."

"எடுத்துட்டா அவன் பாக்கவே மாட்டானே!" என்றார். எழுபத்தெட்டு வயது மனிதர், பட்டாளத்தில் மெடல் வாங்கியவர், மிட்டாய் பிடுங்கப்பட்ட பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தார். நான் மனசைக் கல்லாக்கிக்கொண்டு படத்தை எடுத்தேன். எடுத்து, "முசே நலமாக இருக்கிறார், மீசைக்குச் சாயம்கூட அடித்திருக்கிறார்" என்று கலர்ப் படத்தோடு போட்டேன். அவர் எழுந்து போகவில்லை. மின்விசிறிக்கு நேராக ஸ்டூலை நகர்த்திப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் கடை போன் அடித்தது. நீள நம்பர். எடுத்தேன்.

"படத்துல இந்த நம்பர்தான் இருந்திச்சி" என்றது ஓர் ஆண் குரல். தமிழ் கொஞ்சம் துருப்பிடித்திருந்தது. "நான் அவரு மகன் பேசுறேன். எப்ப எடுக்குறீங்க?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவனே பேசினான்.

"ஏர்போர்ட்லதான் நிக்கிறேன். நாளைக்குத்தான் டிக்கெட் கெடைக்கிது. கொள்ளி வெக்க நான் ஒருத்தன்தான் இருக்கேன். நான் வர்ற வரைக்கும் வெச்சிருப்பீங்களா? அப்பா மொகத்தப் பாக்கணும்ங்க." ஏங்கி ஏங்கி அழுதான்.

நான் ஸ்பீக்கரை அழுத்தி, போனை முசேவின் மடியில் வைத்தேன். கடைக்குள் மகன் அழும் சத்தம் நிறைந்தது. முசே அதைக் கேட்டார். இதைக் கேட்கத்தானே ரெண்டு நாள் கேட்டார்? கேட்க முடியவில்லை அவரால். இரண்டு கையாலும் போனைப் பொத்திப் பிடித்துக்கொண்டு, "அழுவாதடா, அழுவாத" என்றார்.

அந்தப் பக்கம் அழுகை சட்டென்று நின்றது. பிறகு, "அப்பா?" என்று கேட்டது.

முசேவுக்குக் கண்ணீர் மீசை வழியாக இறங்கியது. எனக்கும்தான். கோட்டு இல்லாமல், மெடல் இல்லாமல், வேட்டியோடு ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றார்.

"நான்தான்டா. ஒண்ணும் அவசரமில்ல, மெதுவா வா. நீ வர்ற வரைக்கும் வெச்சிருப்பாங்க" என்றார்.