நெட்டையர் டாக்டராக வந்த படம்

போன புதன்கிழமை, வெளிநாட்டில் நாங்கள் வந்து குடியேறிய லின்ஃபீல்டில், எங்கள் முதியோர் குழு கூடும் ஹாலில், நாற்பது பேர் சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு எழுபத்தாறு வயது. இந்த வயதில் அப்படி ஒரு சிரிப்பை வாங்கிப் பாருங்கள், தெரியும்.

விஷயம் இதுதான். மாதம் ஒரு புதன்கிழமை காலையில் அங்கே பழைய அமெரிக்கப் படம் போடுவார்கள். கறுப்பு வெள்ளை. எல்லாம் ஒரே நடிகர் நடித்தவை. அவர் பெயர் என் வாயில் நுழையாது... ஆள் நல்ல உயரம், அதனால் எங்களுக்கு அவர் நெட்டையர். ரயில் ஓட்டினால் ரயில் டிரைவரேதான். ஒரு படத்தில் மனைவியை இழந்தவராக வந்து மகளுக்குத் தலை பின்னிவிடுவார். கோணலாக எடுத்த அந்த வகிட்டுக்கே நான் அழுதுவிட்டேன்.

எனக்கு இங்கிலீஷ் வராது. தமிழே எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன் — இதை எழுதி முடிக்க நான்கு நாள் ஆகிறது. திரைக்கு அடியில் ஓடும் எழுத்தெல்லாம் எனக்கு எறும்பு வரிசை. ஆனாலும் படம் புரியும். "முகத்தப் பாத்தா போதாதா? வார்த்தை எதுக்கு?" என்று இரண்டு வருஷமாக எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். கொஞ்சம் சத்தமாகவே.

அன்றைக்கு, நெட்டையர் நடித்ததிலேயே சிறந்த வேஷம் எது என்று ஆளுக்கொன்று சொல்ல வேண்டும். அதிகம் பேர் கை தூக்கும் படத்தை, அடுத்த மாதம் எல்லார் குடும்பத்தையும் கூப்பிட்டுப் போடுவதாக ஏற்பாடு. திலகம் டீச்சர் — யாழ்ப்பாணத்தில் முப்பது வருஷம் பாடம் நடத்தியவர் — நெட்டையர் வாத்தியாராக வரும் படத்தைச் சொன்னார். வேறு எதைச் சொல்வார்?

நான் எழுந்தேன். டாக்டர் வேஷம் என்றேன். ஒரு சின்ன ஊரில் பெட்டியும் கையுமாக வந்து இறங்குகிறாரே, காய்ச்சலில் கிடக்கும் கிழவியைத் தொடுவதற்கு முன் உள்ளங்கை இரண்டையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்கிறாரே... "இத்தன நல்ல டாக்டர நான் நேர்லகூடப் பாத்ததில்ல" என்றேன்.

டீச்சர் மெதுவாகத் திரும்பினார்.

"அக்கா, என்ன கதைக்கிறீங்கள்? அவர் அதில டாக்டர் இல்லை. ஜெயிலால தப்பி வந்த கள்ளன். அந்தப் பெட்டியே களவெடுத்தது."

"கள்ளனா?"

"ஓம். பிறகு, கடைசியில பொலிஸ் ஏன் பிடிச்சுக்கொண்டு போனது எண்டு நினைச்சீங்கள்?"

"பொய்க் கேஸுன்னு நெனச்சேன்."

அப்போதுதான் அந்தச் சிரிப்பு. "முகத்தப் பாத்தா போதாதா?" என்று பின்வரிசையில் யாரோ என் குரலிலேயே சொன்னார்கள். வீட்டுக்குப் போய்விடலாமா? போனால், பிறகு எந்த முகத்தோடு இந்த ஹாலுக்குத் திரும்பி வருவேன்?

நான் உட்காரவில்லை.

"டீச்சர், அந்தப் படத்து ஊர்க்காரங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"தெரியும்தானே. அமெரிக்காக்காரர்."

"அவங்க அவர யாருன்னு நெனச்சாங்க?"

"டாக்டர் எண்டுதான்..."

"இங்கிலீஷ் தெரிஞ்ச ஊரே ஏமாந்துச்சு. நான் ஏமாந்தா மட்டும் சிரிப்பா?"

இந்த முறை சிரிப்பு என் பக்கம் வந்தது. புரொஜெக்டரைப் பார்த்துக்கொள்ளும் கோவிந்தன் — பிஜிக்காரர், அதிகம் பேசமாட்டார் — அந்தக் காட்சியை மறுபடி போட்டார். நான் கேட்டுக்கொண்டபடியே, சத்தம் இல்லாமல், எழுத்தும் இல்லாமல்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தடவைதான் நானே கவனித்தேன். கட்டிலருகே உட்காரும்போது நெட்டையர் அந்தப் பெட்டியைக் காலால் மெல்ல அடியில் தள்ளுகிறார். எந்த டாக்டர் பெட்டியை ஒளித்து வைப்பார்? முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த நான் காலைப் பார்க்கவில்லை.

டீச்சர் பார்த்தது கையை. "உள்ளங்கை தேய்க்கிறதை நான் காணவே இல்லை, அக்கா. கீழ வாசிச்சுக்கொண்டு இருந்திட்டன்" என்றார். பிறகு, "அந்த இடத்தில மட்டும் அவன் ஆரையும் ஏமாத்தேல்லை, என்ன?"

"ஆமா" என்றேன்.

கள்ளன் டாக்டராக நடிக்கிறான். நடிக்கிற நடிப்பில், அந்தக் கிழவி மேல் குளிர்ந்த கை படக் கூடாதே என்கிற நினைப்பும் வந்துவிடுகிறது. காலில் திருட்டு, கையில் அக்கறை — ஒரே ஆள், ஒரே நேரத்தில்! இதைவிடப் பெரிய வேஷம் உண்டா?

கை தூக்கச் சொன்னார்கள். டீச்சர் தன் வாத்தியாரை விட்டுவிட்டு என் கள்ளனுக்குக் கை தூக்கினார். அதைப் பார்த்து முன்வரிசை தூக்கியது. பின்வரிசையும் தூக்கியது. என் படம்தான்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது டீச்சர் சொன்னார்: "இனி நான் பக்கத்தில இருந்து கதையைச் சொல்லித் தாறன், அக்கா."

"சொல்லுங்க டீச்சர். ஆனா படம் முடிஞ்சப்புறம்" என்றேன்.

முதலில் நான் ஒழுங்காக ஏமாற வேண்டாமா?