அந்த வெள்ளிக்கிழமை மட்டி வறுவல்

எவர்சில்வர் டப்பாவைத் திறந்ததும் மிளகும் பூண்டும் மணந்தன. உள்ளே மட்டிச் சிப்பி வறுவல். அடையாறில் நான் வேலை பார்த்த சிறிய அலுவலகத்தைப் பெருக்கித் துடைத்து, எங்களுக்கு டீ போட்டுத் தந்த அக்கா கொண்டுவந்தது. முந்தின நாள் அவர் கணவர் முகத்துவாரத்து மணலைக் கிளறி எடுத்த மட்டி. "துன்னு பாரு கண்ணு. வெள்ளிக்கெழம நான் கவுச்சி தொட மாட்டேன்" என்றார்.

பத்துப் பன்னிரண்டு தின்றிருப்பேன். அரை மணி நேரத்தில் உதட்டோரம் ஊசி குத்துவதுபோல் இருந்தது. பிறகு நாக்கு நுனி மரத்தது. அக்கா டப்பாவை வாங்க வந்தார். "நல்லாகீதா?" சைதாப்பேட்டை ஆற்றோரத்து வீட்டுச் சமையல் என்று அவர் கொடுப்பதைத் தொடாதவர்கள் எங்கள் அலுவலகத்தில் இருந்தார்கள். என்னையும் அப்படி நினைத்துவிடுவாரோ என்று பயந்தேன். "சூப்பர்க்கா" என்றேன். மாலைக்குள் சரியாகிவிட்டது. மறந்தும் போனேன்.

சனிக்கிழமை அக்கா வரவில்லை. போன் செய்தால், கணவர் மருத்துவமனையில் என்றார். வெள்ளி இரவு வேலையிலிருந்து திரும்பி, வீட்டில் மீதமிருந்த மட்டி முழுவதையும் சாப்பிட்டிருக்கிறார். முதலில் உதடு மரத்து, பிறகு கைகால் துவண்டு, கடைசியில் மூச்சே திணறியிருக்கிறது.

நான் போனபோது வார்டு வாசலில் அக்கா டாக்டரிடம், "நல்லா கொதிக்க வச்சுதான் சார் ஆக்குனேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"உங்க மேல தப்பில்லம்மா. மீனுன்னா குடலை எடுத்துடுறோம். மட்டியை வயித்தோட முழுசா சாப்பிடுறோம். அது தண்ணியில எதை உறிஞ்சியிருந்தாலும் நமக்குள்ள வரும். இந்த விஷம் கொதிக்க வச்சாலும் போகாது. வேற யாராவது சாப்பிட்டாங்களா?"

"இந்தப் பொண்ணு துன்னுச்சு சார். அதுக்கு ஒண்ணும் ஆவல."

என் பொய்யை அவர் அறியாமலே சொல்லிக்கொண்டிருந்தார். "ஆச்சுக்கா" என்றேன். "எனக்கும் உதடு மரத்துச்சு. மத்தியானமே."

அக்கா என்னையே பார்த்தார். "ஒரு போன் பண்ணி அவர துன்னாதன்னு சொல்லியிருப்பேனே" என்றார். அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சற்று ஆறியிருக்கும்.

இரண்டு நாள் செயற்கைச் சுவாசத்தில் இருந்தபின் அக்காவின் கணவர் பிழைத்துக்கொண்டார். அக்கா வேலைக்குத் திரும்பினார். எல்லோருக்கும்போல எனக்கும் டீ வைத்தார். ஆனால் நின்று பேசவில்லை.

இப்போது பெசன்ட் நகரில் நண்பர்கள் மட்டி வாங்கினால், எங்கே எடுத்தது என்று பரிமாறுபவரைத் துளைக்கிறேன். அவருக்குத் தெரிவதில்லை. நண்பர்கள் சிரித்துக்கொண்டே சாப்பிடுகிறார்கள். முடித்ததும் கிளம்பலாம் என்கிறார்கள். நான் ஏதாவது சாக்குச் சொல்லி, அரை மணி நேரம் அவர்களை எழவிடாமல் உட்காரவைக்கிறேன்.