பதிவாளருக்காக நின்ற படகு

அவளுக்கு வயது நாற்பத்தொன்று. வகுப்பில் எல்லோருக்கும் அவள் அக்கா. பாடம் எடுக்கும் விரிவுரையாளர்கூட வாய் தவறி இரண்டு முறை அப்படிக் கூப்பிட்டிருக்கிறார். கல்யாணம், இரண்டு பிள்ளைகள், பதினைந்து வருடத் தையல் மெஷின் எல்லாம் ஆன பிறகுதான், தீவில் இருக்கும் அரசுப் பல்கலைக்கழகத்தில் கடல் உயிரியல் படிக்கக் கிளம்பினாள்.

"இந்த வயசுல மீனைப் பத்திப் படிச்சு என்ன கிழிக்கப் போறே?" என்றார் மாமியார்.

"இத்தனை வருஷம் ஆய்ஞ்சேன்ல அத்தை, இனிமே படிக்கிறேன்."

தீவுப் படகை ஓட்டுவது அவள் புருஷன்தான். எட்டரைக்குப் படகு என்று பலகையில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். ஆனால் பல்கலைக்கழகப் பதிவாளர் ஏறாமல் கயிற்றை அவிழ்க்கக்கூடாது என்பது எழுதாத சட்டம். அந்த மகானுபாவர் ஆடி அசைந்து வர எட்டே முக்கால் ஆகும். ஒன்பது மணி வகுப்புக்கு அக்கா மூச்சிரைக்க ஓடிப் போய் நிற்கும்போது வருகைப் பதிவேட்டை மூடியிருப்பார்கள்.

மூன்று வருடம் இதே கூத்து. கடைசித் தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, வருகை போதாது என்று ஹால் டிக்கெட்டை நிறுத்திவிட்டார்கள். நிறுத்திக் கையெழுத்துப் போட்டவர் யார்? பதிவாளரேதான்.

"சார், உங்களுக்காகத்தானே தினமும் படகு நிக்குது?" என்று நேரில் போய்க் கேட்டாள்.

"ஏம்மா, படகு உங்க சொந்தப் பிரச்சினை. நேரத்துக்கு வரணும்கிற பொறுப்பு வேணாமா?"

வீட்டுக்கு வந்து தேம்பித் தேம்பி அழுதாள். மறுநாள் நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க அவள் படகில் ஏறினாள். மணி எட்டரை. புருஷன் கயிற்றை அவிழ்த்தான்.

கரையில் பதிவாளர் குடையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"அய்யய்யோ, உங்க வேலை போயிடுங்க!" என்று பதறினாள் அக்கா.

"போனாப் போகுது. பலகையில எட்டரைன்னுதானே போட்டிருக்கு?"

பதிவாளர் பதினோரு மணிப் படகில் வந்து வாசல் கைரேகை மெஷினில் விரலை வைத்தார். அரை நாள் விடுப்பு என்றது அது. 'எனக்கா?' என்று எகிறிக் குதித்துத் தன் வருகைப் பதிவுகளை எடுக்கச் சொன்னார். அவருடைய மூன்று வருடத் தாமதமும் கஜ நீளத்துக்கு அச்சாகி வந்தது. துணைவேந்தர் கண்ணில் பட்டால் மானம் கப்பலேறிவிடும். மாலைக்குள் சுற்றறிக்கை ஒட்டினார்கள்: "மாணவர் நலன் கருதி, படகால் நேரும் தாமதம் தாமதமாகக் கொள்ளப்படாது. இந்த உத்தரவு மூன்று ஆண்டுகளுக்கு முன்பிருந்தே நடைமுறைக்கு வருகிறது." 'பதிவாளர் நலன் கருதி' என்று போட்டுக்கொள்ள முடியாதே, பாவம்.

அக்கா கலங்கிய கண்ணோடு, கையில் ஹால் டிக்கெட்டோடு, அதே புத்தகங்களைத் திரும்பத் தூக்கிக்கொண்டு கடைசிப் படகில் ஏறினாள்.

"நாளைக்கு அவருக்காக நிக்கட்டுமா, வேணாமா?" என்று கேட்டான் புருஷன்.

"நில்லுங்க. மாணவர் நலனைப் பத்தி யோசிக்கிற ஒரே ஆளு."